செருப்பு வாசலில்தான் இருந்தது

கினுயோ ஒரு பயந்தாங்கொள்ளி. எங்கள் ஊரில் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். முற்றத்துப் பனியை ஒற்றை ஆளாகத் தள்ளுகிறவள், விடுதி நிறைய விருந்தாளிகளுக்கு ஒருத்தியாகச் சோறு ஆக்கிப் போடுகிறவள், குடித்துவிட்டு மேசையைத் தட்டும் வெளியூர்க்காரர்களை ஒரே அதட்டலில் படுக்கைக்கு அனுப்புகிறவள், அவளா பயந்தாங்கொள்ளி என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்! முதல் பனி விழுந்த நாளிலிருந்து கடைசிப் பனி கரைகிற நாள்வரை அவள் வயிற்றில் புளி கரைந்துகொண்டேதான் இருக்கும். கை தன்பாட்டுக்கு முள்ளங்கி நறுக்கும், காது மட்டும் மலைப்பக்கமே கிடக்கும்.

அவள் கடற்கரைக்காரி. சகாதா பக்கத்து மீன்பிடித் துறை ஒன்றில் பிறந்து, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குரோதகிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் ஊரில் பனி பெய்தால் கடல்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே விழுந்த பனி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து தொப்பென்று விழுந்து சன்னலை மூடிவிட்டது. கினுயோ சோற்றுக் கிண்ணத்தோடு குளிர்காய உட்காரும் கணப்பு மேசைக்கு அடியில் பாய்ந்தாள். மேசைமேல் போர்த்திய மெத்தைக்கு வெளியே அவள் கால் மட்டும்தான் தெரிந்ததாம். புருஷன் எய்சாகு இந்தக் கதையை ஒவ்வொரு விருந்தாளிக் கூட்டத்துக்கும் நடித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த கோப்பையை ஊற்றுவான்.

"கடல்காரிய கட்டிக்கிட்டு வந்தா இப்டித்தான். இவங்க ஊர்ல புயல் வந்தா என்ன பண்ணுவாங்க தெரியுமா? பொம்பளைங்கல்லாம் துறையில நின்னு விளக்க மூடி மூடித் தொறப்பாங்களாம். கடல்ல இருக்கிறவன வீட்டுக்குக் கூப்புடுறாங்களாம். சோறு ஆறிப்போச்சு, வாடான்னு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கினுயோவும் சிரிப்பாள். அவளுடைய சித்தப்பாக்கள் இரண்டு பேர் அந்த விளக்கைப் பார்த்துத்தான் ஒரு புயலில் கரை திரும்பினார்கள். அதை அவள் விருந்தாளிகள் முன்னால் சொன்னதில்லை.

எய்சாகுவுக்குக் கோடையில் வயல். குளிர்காலத்தில் எங்கள் பனிச்சறுக்கு மலையில் காவல். பெரிய மலை ஒன்றும் இல்லை, இரண்டு லிஃப்ட், ஒரு நூடுல்ஸ் கடை, அவ்வளவுதான். இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிச் சறுக்குகிற பனிச்சறுக்குப் பலகை புதிதாக வந்து இளவட்டங்கள் பைத்தியமாகத் திரிந்த காலம் அது. பேர்போன மலைகளில் பலகைக்காரர்களை உள்ளே விடமாட்டேன் என்றார்கள். எங்களுக்கு என்ன வீறாப்பு வேண்டிக்கிடக்கிறது, வருகிறவன் எதில் சறுக்கினால் என்ன என்று விட்டுவிட்டோம். அதனால் வீடுகளெல்லாம் விடுதிகளாகி, குளிர்காலத்திலும் உலை கொதித்தது.

தினமும் சாயங்காலம் எய்சாகு மலையிலிருந்து இறங்கினால் நேரே சாப்பிட வரமாட்டான். பின்பக்கம் உலர்த்தும் அறை இருக்கிறது, விருந்தாளிகளின் ஈரக் காலணிகளும் கையுறைகளும் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றிக் காயும் அறை. அங்கே விளக்கைப் போட்டுக்கொண்டு, எதையோ சத்தமாக முணுமுணுத்துப் பாடிக்கொண்டு, ஊரான் காலணிகளை வரிசைப்படுத்திக்கொண்டு கிடப்பான். "சோறு ஆறுது!" என்று கினுயோ கத்திய பிறகுதான் உள்ளே வருவான்.

கினுயோவின் பயத்துக்கு ஒரே மருந்து வாசல் செருப்புகள். காலையில் விருந்தாளிகள் மலைக்குக் கிளம்பும்போது வீட்டுச் செருப்பை வாசல் படியில் கழற்றிவிட்டுப் போவார்கள். அவள் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பி, வந்ததும் கால் நுழைக்கிற மாதிரி நுனி வீட்டைப் பார்த்து வைப்பாள். திரும்பியவர்கள் உலர்த்தும் அறையில் காலணியைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய், அறைவாசலில் கழற்றிப்போடுவார்கள். செருப்பு போய்விட்டால் ஆள் வீட்டில். செருப்பு இருந்தால் ஆள் மலையில். சாயங்காலம் மலை ஒலிபெருக்கியில் மூடுகிற நேரத்துப் பாட்டு கேட்டதும் கினுயோ ஈரக்கையோடு வாசலுக்கு ஓடிவருவாள். படி காலியாக இருந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

அந்தப் பிப்ரவரியில் ஓகினாவாவிலிருந்து நகாமா என்று ஒரு பையன் வந்திருந்தான். பனியையே பார்க்காத ஊர்க்காரன். புதுப் பலகை, புதுச் சட்டை, புதுக் காயங்கள். முதல் நாள் பூராவும் விழுந்துகொண்டே இருந்தான், விழுந்து எழும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தான். கினுயோவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. மறுநாள் காலைச் சோறு சாப்பிடும்போது அவன் எய்சாகுவிடம் கேட்டான்.

"அண்ணே, மலைக்குப் பின்பக்கம் ஒருத்தரும் மிதிக்காத பனி இருக்காமே?"

எய்சாகு சாப்பிடுவதை நிறுத்தினான். "அது பின்பள்ளம். உச்சியில கயிறு கட்டியிருக்கு பாரு, அதுக்கு அந்தாண்ட கால் வெக்காத. நேத்து வெதுவெதுன்னு காத்தடிச்சுது. மேல விழுந்த பனி கீழ இருக்கிறதோட ஒட்டாமக் கிடக்கு. ஒரு ஆள் மிதிச்சாப் போதும், மொத்தமா எறங்கும்."

"சும்மாதாண்ணே கேட்டேன்," என்று சிரித்தான் நகாமா.

அன்று மத்தியானம் கினுயோ மீனும் காளானும் வாங்கக் கீழ்ச்சந்தைக்குப் போய்த் திரும்பினாள். பனி மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது. மூடுகிற நேரத்துப் பாட்டு கேட்டது. ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொரு ஜோடியாகச் செருப்பு போனது. கடைசியில் ஒரு ஜோடி மட்டும் படியில் நின்றது. காலையில் அவள் திருப்பி வைத்தது வைத்தபடி, நுனி வீட்டைப் பார்த்துக்கொண்டு. நகாமாவின் செருப்பு.

வந்துவிடுவான், நூடுல்ஸ் கடையில் அரட்டை அடிப்பான் என்று சொல்லிக்கொண்டாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மாடிக்கு ஓடி அவன் அறைவாசலைப் பார்த்தாள், அங்கே செருப்பு இல்லை. இறங்கி வந்து பார்த்தாள், செருப்பு இங்கேதான் இருக்கிறது. மலை அலுவலகத்துக்குத் தொலைபேசினாள்.

அங்கே இன்னொரு பயம் காத்திருந்தது. கடைசிச் சுற்று போன காவல்காரன், உச்சிக் கயிற்றுக்கு அடியில் புகுந்து பின்பள்ளம் பக்கம் போகிற பலகைத் தடம் ஒன்றைப் பார்த்திருக்கிறான். மேற்கொண்டு பார்க்க விடாமல் பனி மூடிவிட்டதாம்.

ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவர் சாராயக்கடை தோகாஷி. ஆட்களைத் திரட்டிக்கொண்டு விடுதிக்கு வந்தார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா, மாடியில இல்லன்னு நல்லாத் தெரியுமா?"

"செருப்பு வாசல்லயே இருக்குண்ணே."

தோகாஷி செருப்பைப் பார்த்தார். தலையை ஆட்டினார். எங்கள் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. செருப்பில்லாத அறையின் கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விருந்தாளியின் கதவை நாங்கள் தொடுவதில்லை. வீட்டுக்குள் ஒருத்தன் வெறுங்காலோடு நடப்பான் என்பதோ எங்கள் புத்திக்கே எட்டாத விஷயம்.

எய்சாகுவும் இன்னும் மூன்று பேரும் போவதென்று முடிவாயிற்று. அவனைத் தவிர யாருக்கும் பின்பள்ளத்தின் வளைவுகள் சரியாகத் தெரியாது. கினுயோ சுடச்சுடச் சோற்று உருண்டைகளைப் பிடித்துக் கொடுத்தாள். உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

"போகாதீங்க," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "காலையில நீங்கதான சொன்னீங்க, ஒரு ஆள் மிதிச்சாலே எறங்கும்னு. நாலு பேரு போறீங்க."

"அந்தப் பையன் உள்ள கெடக்கான்டி. வேற யாரு போவா?" என்றான் எய்சாகு. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மூஞ்சியப் பாரு! போய்க் கணப்பு மேசைக்கு அடியில ஒளிஞ்சுக்க, கடல்காரி!" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆட்கள் சிரித்தார்கள். லிஃப்ட் அவர்களை மேலே கொண்டுபோனது. வழி தெரியட்டும் என்று மலை விளக்குகளையெல்லாம் எரியவிட்டார் தோகாஷி.

கினுயோ மற்ற விருந்தாளிகளுக்குக் குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.  பையன் உயிரோடு கிடைக்க வேண்டும், எய்சாகு முழுசாகத் திரும்ப வேண்டும், இந்த இரண்டையும் எந்தச் சாமியிடம் சேர்த்துக் கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கொடுத்துவிட வேண்டியிருக்குமோ என்று அதற்கும் பயமாக இருந்தது.

அப்போது மாடிப்படி கிறீச்சிட்டது. தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, நகாமா இறங்கி வந்தான்.

கினுயோ போட்ட அலறலில் ஒரு விருந்தாளி கிண்ணத்தைக் கீழே போட்டான். எங்கள் ஊர்ப் பேய்களுக்குக் கால் இருக்காது. அவள் கண் முதலில் போனது அங்கேதான். கால் இருந்தது. வெறுங்கால். விரலெல்லாம் கொப்புளம், கொப்புளமெல்லாம் ஒட்டுத்துணி.

"நல்ல வாசனை வருதேம்மா," என்றான் அவன். "நேரமாயிடுச்சா?"

"நீ... நீ எங்கடா இருந்த?"

"மேலதாம்மா. கால் ரொம்பப் புண்ணாயிடுச்சு, மத்தியானமே வந்து படுத்துட்டேன். உலர்த்துற அறைக்குப் பக்கத்துல மாடிப்படி இருக்குல்ல, அப்படியே ஏறிட்டேன்."

"செருப்பு? செருப்ப ஏன்டா போடல?"

"கொப்புளத்துல உரசுதும்மா. எங்க ஊர்ல வீட்டுக்குள்ள வெறுங்கால்தான."

அவன் பலகையை வெளியே சுவரோரம் குத்தி வைத்திருந்தானாம். மத்தியானம் சரிந்த கூரைப் பனி அதையும் மூடிவிட்டது. காலணி உலர்த்தும் அறையில் மற்றவர்கள் காலணிகளோடு கலந்துபோயிருந்தது. உச்சிக் கயிற்றடித் தடமோ வேறு விடுதியில் தங்கிய இரண்டு கல்லூரிப் பையன்களுடையது. கொஞ்ச தூரம் போய், பயந்து, திரும்ப ஏறி, மத்தியான பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது.

கினுயோவுக்குச் சந்தோஷப்படக்கூட நேரம் இல்லை. பையன் உயிரோடு நிற்கிறான் என்றால் பின்பள்ளத்தில் யாருமே இல்லை. யாருமே இல்லாத இடத்தில் எய்சாகு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறான். அனுப்பியது அவள். கட்டியிருந்த சமையல் துணியோடு பனியில் இறங்கி மலை அலுவலகத்துக்கு ஓடினாள். இரண்டு தடவை விழுந்தாள்.

"அண்ணே! கூப்புடுங்க அவங்கள! பையன் வீட்டுல இருக்கான்! வீட்டுலதான் இருக்கான்!"

தோகாஷிக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வயர்லெஸ்ஸை எடுத்துக் கத்தினார். உச்சியைத் தாண்டினால் அது வேலை செய்யாது என்று அவருக்கே தெரியும், இருந்தாலும் கத்தினார். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது.

"சைரன் ஊதுங்கண்ணே."

"விவரம் இல்லாமப் பேசாத. இந்தப் பனியில அந்தச் சத்தம் கேட்டா எல்லாம் எறங்கிடும்."

சத்தத்துக்குப் பனி இறங்காது என்று மாகாணத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் எங்களுக்கெல்லாம் வகுப்பே எடுத்திருக்கிறார். கைதட்டிவிட்டு வந்தோம். ஆனாலும் பிப்ரவரியில் அந்தப் பள்ளத்துப் பக்கம் போய் யாரும் இரைந்து தும்மக்கூட மாட்டோம். கினுயோவுக்கும் சைரன் என்று சொன்ன வாயை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது. சன்னல் வழியே மலை விளக்குகளைப் பார்த்தாள். கொட்டுகிற பனியில் அந்த வெளிச்சம் ஏறி, உச்சிக்கு மேலே வானமே வெளுத்திருந்தது.

"விளக்க அணைங்க," என்றாள்.

"என்னது?"

"அணைச்சு அணைச்சுப் போடுங்கண்ணே. பள்ளத்துல நின்னாலும் வானம் தெரியும்ல? வெளிச்சம் போயிப் போயி வந்தா அவருக்குப் புரியும். எங்க ஊர் விளக்கு. எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்காரு!"

"அட, இது ஒங்க வீட்டு பல்பு இல்லம்மா! பாதரச விளக்கு. அணைச்சா சூடு ஆறித்தான் மறுபடி எரியும். அதுவரைக்கும் அவனுங்க கும்மிருட்டுல நிப்பானுங்க. அந்த வெளிச்சத்த நம்பித்தான் உள்ளயே போயிருக்கானுங்க!"

 கினுயோ சுவரிலிருந்த மலை விளக்குச் சுவிட்சின் பெரிய பிடியைப் பார்த்தாள். பள்ளத்தில் நிற்கிற புருஷனின் வெளிச்சத்தைப் பிடுங்கச் சொல்கிறாள். இருட்டில் அவன் கால் தவறினால்? கதை ஞாபகம் வராமல் போனால்? மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து உள்ளேயே போய்க்கொண்டிருந்தால்?

"அணைங்கண்ணே," என்றாள் மறுபடியும். அவர் கை நீளவில்லை. கினுயோவே எட்டி அந்தப் பெரிய பிடியைக் கீழே இழுத்தாள்.

மலை காணாமல் போனது. அப்படி ஒரு இருட்டை அவள் பார்த்ததில்லை. பிடியைத் திரும்ப மேலே தள்ளினார் தோகாஷி, ஒன்றும் எரியவில்லை.  கினுயோ சமையல் துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஒரு யுகம் கழித்து ஒரு விளக்கு நீலமாக முனகியது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். வானம் மெல்ல வெளுத்தது. அது முழுக்க வெளுக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "இன்னொரு தடவ," என்றாள்.

இரண்டாவது இருட்டில்தான் அது கேட்டது. மலைக்குப் பின்னாலிருந்து கனமான ஒரு உறுமல். தரை வழியாக வந்து காலில் ஏறியது. மேசைமேல் தோகாஷியின் தேநீர்க் கோப்பை கிணுகிணுவென்று ஆடி நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"ஐயோ," என்றார் தோகாஷி.  கினுயோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அணைத்தேன், நான்தான் அணைத்தேன் என்று அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

விளக்குகள் திரும்ப எரிந்து வெகு நேரம் கழித்து அலுவலக வாசலில் பனி மிதிபடுகிற சத்தம் கேட்டது. தலையிலிருந்து கால்வரை வெளுத்துப்போய் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். மூன்று பேர். கினுயோ கதவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நான்காவது ஆள் இல்லை.

"எய்சாகு எங்கடா?" என்று கத்தினார் தோகாஷி.

மூவரில் இளையவன் கிஹெய் திகைத்துக் கேட்டான். "அண்ணன் இங்க வரலையா? தேவதாருக் காட்டுல எங்களுக்கு முன்னாடி எறங்கிப் போனாரே. நேரா இங்கதான் வருவாருன்னு நெனச்சோம்."

தேவதாருக் காட்டுப் பாதை விடுதியின் பின்பக்கம் வந்து சேரும். கினுயோ எப்படி வீட்டுக்கு ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. வாசல் கதவைத் தள்ளினாள்.

படியில் எய்சாகுவின் செருப்பு நின்றது. அவன் கிளம்பும்போது அவள் திருப்பி வைத்தது வைத்தபடி, நுனி வீட்டைப் பார்த்துக்கொண்டு.

 செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியில் சரிந்தாள்.   அப்போது, சாப்பாட்டு அறைக் கதவோரமாக வந்து நின்ற நகாமாவின் கால்கள் கண்ணில் பட்டன. வெறுங்கால்கள்.

கினுயோ எழுந்தாள். செருப்பை நம்பி ஒருதடவை கெட்டது போதாதா?

உலர்த்தும் அறையின் கதவு சாத்தியிருந்தது. அடியில் வெளிச்சம் இல்லை. உள்ளே அந்த முணுமுணுப்புப் பாட்டும் இல்லை. அவன் இருந்தால் பாடுவானே! கதவில் கை வைத்தாள். திறக்காதவரை அவன் உள்ளே இருக்கலாம். திறந்து இல்லையென்றால் அப்புறம் எந்தக் கதவைத் திறப்பது? கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

மண்ணெண்ணெய் அடுப்பின் சிவப்பு மட்டும் தெரிந்தது. ஊரான் காலணிகளுக்கு நடுவே, ஒரு கால் வெறுங்காலாக, ஒரு கால் காலணியோடு எய்சாகு உட்கார்ந்திருந்தான். காலணிக் கொக்கியை அவிழ்க்கப் பார்க்கிறான், விரல் நிற்கவில்லை. கையும் தோளும் தாடையும் உதறிக்கொண்டிருந்தன.

"வெளக்கப் போடாத," என்றான்.

"எப்ப வந்தீங்க?" என்றாள் கினுயோ. 

"கொஞ்ச நேரமாச்சு. வாசப்பக்கம் வந்தா எல்லாரும் பாப்பாங்க. நடுக்கம் நிக்கட்டும்னு உக்காந்தேன்." மூச்சு வாங்கினான். "வெளிச்சம் போனதும் தோகாஷி குடிச்சிட்டு ஆட்டம் போடறான்னு இவனுங்க திட்டுனானுங்க. வெளுத்து, மறுபடி போச்சு பாரு, அப்ப எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீ கூப்புடுற. இவனுங்களக் கழுத்தப் புடிச்சுத் தள்ளிக்கிட்டு மரத்துப் பக்கம் ஏறினேன். ஏறி முடிக்கல கினு, நாங்க நின்ன எடத்துல எறங்கிச்சு. நாங்க நின்ன அதே எடத்துல."

கினுயோ அவன் முன்னால் உட்கார்ந்து, கொக்கியை அவிழ்த்து, காலணியை இழுத்தாள். பனிக்கட்டியாக இருந்த கால்களை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்தாள்.

"பையன் வீட்டுலதான் இருந்தான். மாடியில தூங்கிட்டு இருந்தான். நான்தான்..."

"தெரியும். நான் வந்தப்ப அவன் சாப்பாட்டு அறையில நின்னதக் கதவிடுக்குல பாத்தேன்." அவன் திட்டவில்லை.

"இப்டி நடுங்கி நான் உங்களப் பாத்ததே இல்லையே," என்றாள்.

எய்சாகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தெனமும் எதுக்கு இங்க வந்து குந்திக்கிட்டுப் பாடுறேன்னு நெனச்ச?"

கினுயோவின் கை நின்றது. இத்தனை குளிர்காலமாக அவள் அடுக்களையில் பயந்துகொண்டிருந்தாள், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இவன் பயந்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு விருந்தாளிகளுக்குப் பரிமாறியிருக்கிறார்கள்.

"சோறு ஆறிப்போச்சு," என்றாள் அவள்.

அவன் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்," என்றான். சரி என்று அவளும் அவன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு கினுயோ சாயங்காலமானால் ஒவ்வொரு விருந்தாளியின் கதவையும் தட்டித் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பாள். என்ன மரியாதை இது என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. கணப்பு மேசைக் கதையை மட்டும் எய்சாகு மறுபடி யாருக்கும் நடித்துக் காட்டவே இல்லை.